பாடகிக்கு மூச்சை அடைக்காத கோர்செட்: 1850களின் பாணியில் தைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

இடையை இறுக்கிப் பிடிக்கும் உள்ளுடையான கோர்செட்டை அணிந்தால் பாட முடியாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓப்பரா எனும் இசைநாடக மேடைகளில் பாடிய பெண்கள் ஏறத்தாழ எல்லோரும் அதை அணிந்தே பாடினார்கள். இன்றும் அக்காலக் கதைகளை அக்கால உடையிலேயே அரங்கேற்றும்போது பாடகிகள் அதை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் மேடையேறுகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் அளவெடுப்பதில் தொடங்குகிறது. நாம் ஒருவரை அசையாமல் நிற்க வைத்து, இயல்பாக மூச்சுவிடச் சொல்லி அளவெடுத்துப் பழகியவர்கள். பாடகியின் உடலோ மேடையில் அந்த அளவில் நிலைத்து நிற்பதே இல்லை. ஆகவே இங்கே சொல்லப்படும் வெட்டு, தையல், கயிறு கட்டும் முறை ஆகிய அனைத்துக்கும் நிரம்பிய மூச்சின் அளவே ஆதாரம்.

கைவசம் ஒரு பாத்திரம் இருந்தால் முடிவெடுப்பது எளிது என்பதால், இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘லா திராவியாத்தா’ ஓப்பராவின் நாயகி வயலெட்டாவுக்குத் தைப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஓப்பரா 1853 மார்ச் 6 அன்று வெனிஸ் நகரின் லா ஃபெனிச்சே அரங்கில் முதன்முதலாக நடந்தது. சமகால உடையில் நடத்த வேண்டும் என்று வெர்டி விரும்பியும், தணிக்கையின் காரணமாகக் கதையை 1700ஆம் ஆண்டுவாக்கில் நிகழ்வதாக மாற்ற வேண்டியதாயிற்று. இன்று பல அரங்குகள் அவர் விரும்பிய 1850களின் உடையையே கொடுக்கின்றன. தைப்பவருக்கும் பாடுபவருக்கும் இது நல்வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும். அதற்கான காரணம் காலத்தேர்வில் இருக்கிறது.

எந்தக் காலத்துக் கோர்செட்?

1850களின் கோர்செட் குட்டையானது. இடைக்குக் கீழே சில அங்குலங்களோடு நின்றுவிடும். ஏனெனில் அதற்குக் கீழே அகன்ற பாவாடை வந்துவிடுகிறது. முதலில் பல அடுக்கு உள்பாவாடைகளாலும், 1856க்குப் பிறகு கிரினோலின் என்ற எஃகு வளையக் கூட்டாலும் பாவாடை பெரிதாக விரிந்தது. மேலே தோள்கள் திறந்து, கழுத்து வெட்டு அகலமாக இருக்கும். இரண்டு அகலங்களுக்கு நடுவே எந்த இடையும் சிறியதாகவே தோன்றும். ஆகவே உடலை நெருக்க வேண்டிய தேவையே இல்லை.

இதே வேலையை 1880களின் பாணியில் செய்தால் கடினம். அப்போதைய கோர்செட் நீளமானது. 1873 முதல் வந்த கரண்டி வடிவ முன்தகடு அடிவயிற்றை அணைத்துப் பிடிக்கும். 1900ஐ ஒட்டி வந்த நேர்முன் கோர்செட் வயிற்றைத் தட்டையாக அழுத்தி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, உடலின் நிற்கும் கோணத்தையே மாற்றும். பாடகிக்கு அது பெருந்தொல்லை. உடைத்திட்டத்தில் உங்களுக்குச் சொல்லிடம் இருந்தால், 1850–1865க்குள் இருக்கும் வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பாடும்போது உடலில் நடப்பது

மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்குகிறது; வயிற்றின் மேற்பகுதி முன்னே வருகிறது; கீழ் விலா எலும்புகள் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் விரிகின்றன. மனிதருக்குள்ள பன்னிரண்டு இணை விலா எலும்புகளில் கடைசி இரண்டு இணைகள் முன்னால் எதனோடும் இணைக்கப்படாதவை. கோர்செட் அழுத்தினால் எளிதில் உள்ளே ஒடுங்குபவை இவைதான். இத்தாலியப் பாடல் மரபில் ‘அப்பொஜ்ஜியோ’ என்றழைக்கப்படும் பயிற்சியின் சாரம், இழுத்த மூச்சோடு விரிந்த விலாவை உடனே சரியவிடாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டே பாடுவது. அதனால்தான் அளவாகத் தைத்த கோர்செட்டைச் சில பாடகிகள் விரும்பவே செய்கிறார்கள்: விலா விரியும்போது அது தொட்டுத் தள்ளுவதற்கு ஒரு சுவர் கிடைக்கிறது. அந்தச் சுவர் விரிவின் கடைசி எல்லையில் நிற்க வேண்டும். வழியில் குறுக்கே நிற்கக் கூடாது.

அளவெடுத்தல்

முழு வேலையிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. உள்ளே அணியப்போகும் மெல்லிய பருத்திச் சட்டையைப் பாடகி போட்டுக்கொள்ளட்டும். ஒரு குறுகிய எலாஸ்டிக்கை இடையில் கட்டி, பக்கவாட்டில் ஓரிரு முறை வளைந்து நிமிரச் சொன்னால் அது தானாகவே இடைக்கோட்டில் போய் அமரும். மற்ற உயரங்களையெல்லாம் அங்கிருந்தே அளக்கவேண்டும்.

அடுத்து, இரண்டு கைகளையும் விலாவின் பக்கங்களில் வைத்துக்கொண்டு ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொல்லுங்கள். கைகள் எந்த உயரத்தில் அதிகமாக விலகுகின்றனவோ அதுவே நமது விலாக்கோடு. பெரும்பாலும் அது இடைக்கு இரண்டு முதல் மூன்று அங்குலம் மேலே அமையும். டேப்பை அந்த உயரத்தில் தளர்வாகச் சுற்றிப் பிடித்தபடி, அவருடைய பாத்திரத்தில் மிக நீண்ட மூச்சு தேவைப்படும் வரியைப் பாடச் சொல்லுங்கள். வரி தொடங்குமுன் ஓர் அளவு, வரி முடிந்து காற்று தீர்ந்ததும் ஓர் அளவு. ‘நன்றாக மூச்சை இழுங்கள்’ என்று வெறுமனே சொன்னால் பலரும் மார்பை உயர்த்திக் காட்டுவார்கள். உண்மையாகவே பாட வேண்டியிருந்தால்தான் உடல் தன் வழக்கப்படி இயங்கும்.

மார்பையும் நிரம்பிய மூச்சில் அளக்க வேண்டும். இடையை இயல்பு நிலையில் அளந்தால் போதும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பைச் சுற்றி அளக்கும்போது பாடகி நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும். நிற்கும் அளவில் தைத்த கோர்செட், அமர்ந்தவுடன் கீழ்விளிம்பு தொடையில் முட்டி மேலே ஏறி மார்பைத் தூக்கிவிடும். இவற்றோடு, இடையிலிருந்து அக்குளுக்கு இரண்டு அங்குலம் கீழ்வரையுள்ள உயரம், இடையிலிருந்து மார்பின் நடுப்பகுதி வரையுள்ள உயரம், அமர்ந்த நிலையில் இடையிலிருந்து மடிவரையுள்ள முன்புற நீளம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். இடை 30 அங்குலம். விலாக்கோடு காற்று தீர்ந்த நிலையில் 31, நிரம்பிய நிலையில் 33½. மார்பு நிரம்பிய மூச்சில் 39. இடுப்பெலும்பு அமர்ந்த நிலையில் 40. இடையை ஓர் இழைகூடக் குறைக்க வேண்டாம், 30 அங்குலமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் மெல்லிடை கேட்டால் பாவாடையை இன்னும் அகலமாக்கலாம் என்பது என் கருத்து.

விலாக்கோட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. 33½ அங்குலத்துக்கே வெட்டினால் மூச்சு தீர்ந்த நேரத்தில் துணி தொளதொளத்து நிற்கும். தாங்கு சுவரும் இராது. 31க்கு வெட்டினால் மூச்சு நின்றுபோகும். ஆகவே வித்தியாசமான 2½ அங்குலத்தில் பாதியைத் துணியிலும், மறுபாதியை நீளக்கூடிய பக்கச் செருகலிலும் கொடுக்கிறோம். துணியின் அளவு 32¼. மீதி 1¼ அங்குலத்தை இரண்டு பக்கச் செருகல்களும் பக்கத்துக்கு ⅝ அங்குலம் வீதம் நீண்டு கொடுக்கும். ரப்பரை வன்மையூட்டும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பிறகு ரப்பர் இழை உடைகளுக்குள் நுழைந்துவிட்டது என்பதால், நீளும் செருகல் என்ற யோசனை அந்தக் காலத்துக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று.

பொருள்கள்

கோர்செட்டுக்கென்றே நெய்யப்படும் ‘கூட்டீல்’ என்ற அடர்நெசவுப் பருத்தித் துணி சிறந்தது. அது கிடைக்காத ஊரில், நீளாத, கெட்டியான, முழுப் பருத்தி ட்ரில் துணியை இரண்டு அடுக்காகப் பயன்படுத்தலாம். சோதிக்கும் வழி எளிது: துணியைக் குறுக்கு வாட்டத்தில் இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள், கணிசமாக நீண்டால் அது இந்த வேலைக்கு ஆகாது. பாலியெஸ்டர் கலந்த துணி விளக்கொளியின் வெப்பத்தில் உடலை வேகவைத்துவிடும். துணியை வெட்டுமுன் ஒருமுறை நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுவிடுங்கள்.

முன்புறம் திறந்து மூட ‘பஸ்க்’ எனப்படும் இரட்டை எஃகுத் தகடு வேண்டும். ஒன்றில் கண்ணிகளும் மற்றொன்றில் குமிழ்களும் இருக்கும். 1829இல் பிரான்சில் இதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. 1850களில் பரவலாகவே இருந்தது. சுமார் 12 அங்குல நீளமுள்ள, வளையக்கூடிய மெல்லிய வகையைத் தேர்ந்தெடுங்கள். அகலமான, விறைப்பான பஸ்க் மேல்வயிற்றை முன்னே வரவிடாது.

தாங்குபட்டைகள் அன்றைக்குத் திமிங்கலத்தின் வாயிலுள்ள பலீன் தகடுகளிலிருந்து வெட்டப்பட்டன. இன்று அதற்கு மாற்றாக வரும் செயற்கைப் பலீன் என்ற பிளாஸ்டிக் பட்டையையே பாடகிக்குப் பரிந்துரைப்பேன். எடை குறைவு, கத்தரிக்கோலால் வெட்டலாம், உடல் சூட்டில் மெல்ல உடலின் வளைவையே எடுத்துக்கொள்ளும். சுருள் எஃகுப் பட்டையும் நல்லதே, அது இரு திசையிலும் வளையும். தட்டை எஃகு பின்புறக் கயிற்றுத் துளைகளின் இருபுறமும் மட்டும் போதும். எதுவும் கிடைக்காவிட்டால், மின்சாதனக் கடையில் விற்கும் 9 மில்லிமீட்டர் அகலமுள்ள கெட்டியான கேபிள் டையைத் தலையை நறுக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். ஒத்திகை உடைக்கு அது மிக நன்றாகவே உழைக்கும்.

இவை தவிர, இரு பகுதி கொண்ட 5 மில்லிமீட்டர் ஐலெட்டுகள் (கயிற்றுத் துளைகளுக்கான உலோக வளையங்கள்), ஆறு மீட்டர் கயிறு, முக்கால் அங்குலப் பருத்தி நாடா, பக்கச் செருகலுக்குப் பவர்நெட் என்ற நீளும் வலைத்துணி, வலுவான பாலியெஸ்டர் நூல், 14ஆம் எண் ஊசி ஆகியவை தேவை.

பேட்டர்ன் வரைதல்

அசல் கோர்செட்டுகள் பலவற்றில் மார்புக்கும் இடுப்புக்கும் முக்கோணத் துண்டுகளை வெட்டிச் செருகியிருப்பார்கள். பார்க்க அழகு, ஆனால் முக்கோணத்தின் முனையில் துணி பிய்ந்துகொள்ளும், புதியவர்களுக்குக் கைவராது. நாம் பக்கத்துக்கு ஐந்து நெடும் பேனல்களாக, அதாவது மேலிருந்து கீழ்வரை செல்லும் துண்டுகளாக, முன்னிருந்து பின்னாக எண்ணி வரைவோம்.

பின்புறத்தில் கயிறு கட்டும் இடத்தில் இரண்டு அங்குல இடைவெளி விடுகிறோம். எந்தச் சுற்றளவையும் வரையுமுன் அதிலிருந்து 2 கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். அதன்படி ஒரு பக்கத்துக்கு இடையில் 14, விலாக்கோட்டில் 15⅛, மார்பில் 18½, இடுப்பெலும்பில் 19 அங்குலம். தாளில் இடைக்கோட்டைப் படுக்கையாக வரைந்து, முதல் பேனலுக்கு 3 அங்குலமும் மற்ற நான்கிற்கும் தலா 2¾ அங்குலமும் குறியுங்கள். மார்புக்குக் கூடுதலாக வரும் 4½ அங்குலத்தில் பெரும்பகுதியை இரண்டாம், மூன்றாம் பேனல்களுக்குக் கொடுங்கள். முதுகுப்புறப் பேனல்களுக்கு மிகக் கொஞ்சம் கொடுத்தால் போதும். இடுப்புக்கான 5 அங்குலம் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் அதிகமாகப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கிட்டுவிட்டால் உடை உடலோடு ஒட்டாமல் குழாய்போல் நிற்கும்.

மூன்றாம், நான்காம் பேனல்களுக்கு நடுவிலுள்ள பக்கத்தையல்தான் செருகலின் இடம். இடைக்கோட்டுக்கு அரை அங்குலம் மேலே ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து விலாக்கோட்டில் 1¼ அங்குல அகலம் வரும்படி விரித்து, பிறகு அதே அகலத்தில் மேல்விளிம்புவரை நேராகக் கொண்டுபோங்கள். அந்த அகலத்தில் பாதியான ⅝ அங்குலத்தை மூன்றாம் பேனலின் ஓரத்திலிருந்தும், மறுபாதியை நான்காம் பேனலின் ஓரத்திலிருந்தும் குறைத்துவிட வேண்டும். இதை மறந்தால் கோர்செட் செருகலின் அகலம் முழுவதும் பெருத்துவிடும்.

மேல்விளிம்பு மார்பின் நடுப்பகுதியோடு நின்று, அக்குளில் தாழ வேண்டும். கீழ்விளிம்பு முன்னால் நான்கு அங்குலத்துக்கும் பக்கத்தில் மூன்றுக்கும் மேல் இறங்க வேண்டாம். அடுத்தடுத்த பேனல்களின் ஓரங்கள் இடைக்கோட்டிலிருந்து மேலும் கீழும் ஒரே நீளம் இருக்கிறதா என்று டேப்பை நிமிர்த்திப் பிடித்து வளைவோடு அளந்து பாருங்கள்.

சோதனை உடை

கெட்டியான காடாத் துணியில் பஸ்க் இல்லாமல், முன்புறத்தை மூடித் தைத்து, பின்புறத்தில் மட்டும் துளைகளோடு ஒரு சோதனை உடை தைக்க வேண்டும். இந்த உடையில் செருகலின் இடத்தையும் துணியாலேயே நிரப்பிவிடுங்கள். ஒவ்வொரு தையலின் உட்புறமும் கேபிள் டையை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடலாம். இடைக்கோட்டிலும் அதற்குக் கீழும் உறுதியான கயிறு. இடைக்கு மேலே வட்ட எலாஸ்டிக் கயிறு. இரண்டையும் பாடகி மூச்சு விட்டுத் தீர்ந்த நிலையில், பின்புற இடைவெளி மேலிருந்து கீழ்வரை இரண்டு அங்குலமாக இருக்கும்படி கட்டுங்கள்.

இப்போது பாடச் சொல்லுங்கள். அளவெடுக்கும்போது பாடிய அதே வரி. அவர் மூச்சிழுக்கும் கணத்தில் பின்னால் நின்று விலாக்கோட்டின் இடைவெளியை அளந்தால், அது இரண்டு அங்குலத்திலிருந்து ஏறத்தாழ 3¼ வரை விரிய வேண்டும். அதிகப்படியான அந்த 1¼ அங்குலம்தான் இரண்டு செருகல்களும் சேர்ந்து கொடுக்கப்போகிற அளவு. அதற்கு மேல் விரிந்தால் துணியில் இன்னும் தளர்வு வேண்டும். குறைவாக விரிந்தால் செருகலைச் சற்றுச் சிறியதாக்கலாம். இந்த ஒரு அளவைப் பார்க்காமல் நல்ல துணியில் கத்தரிக்கோலை வைக்கக் கூடாது.

பிறகு உட்காரவும், குனியவும், கைகளை உயர்த்தவும், தரையில் மண்டியிட்டு எழவும் சொல்லிப் பாருங்கள். வயலெட்டாவைப் போன்ற பாத்திரம் மேடையில் ஒரே இடத்தில் நின்று பாடாது. அக்குளில் உரசினால் மேல்விளிம்பைத் தாழ்த்துங்கள். கயிற்றின் இடைவெளி கீழே அகன்று ‘ஏ’ எழுத்தின் வடிவில் நின்றால் இடுப்பில் துணி போதவில்லை. மேலே அகன்று ‘வி’ வடிவில் நின்றால் மார்பில் போதவில்லை. குறுக்கே சுருக்கங்கள் விழும் இடம் இறுக்கமான இடம். பாடகியிடம் ‘வசதியாக இருக்கிறதா?’ என்று பொதுவாகக் கேட்டால் மரியாதைக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். ‘எந்த இடத்தில் உங்கள் மூச்சு முதலில் துணியைத் தொடுகிறது?’ என்று கேட்டால் சரியான பதில் வரும். பக்கங்களிலும் முதுகிலும் ஒரே நேரத்தில் தொடுவதாகச் சொன்னால் வேலை சரி. முன்னால் மட்டும் தொடுவதாகச் சொன்னால் முதல் இரண்டு பேனல்களையும் விலாக்கோட்டில் கால் அங்குலம் அகலமாக்குங்கள்.

வெட்டும் தையலும்

திருத்திய பேட்டர்னை நல்ல துணியில் வைக்கும்போது, ஒவ்வொரு பேனலின் இடைக்கோடும் துணியின் கரைக்குச் சரியான செங்குத்தாக இருக்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் அணியும்போது அந்தப் பேனல் முறுக்கிக்கொள்ளும். தையலுக்கு எல்லாப் பக்கமும் அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள்.

முதல் வேலை பஸ்க். அணிபவரின் வலப்பக்கத்துக்குக் கண்ணிகள், இடப்பக்கத்துக்குக் குமிழ்கள். பெரும்பாலான பஸ்க்குகளில் இரண்டு கண்ணிகள் மட்டும் நெருங்கியிருக்கும். அந்த முனை கீழே வர வேண்டும். வலது முதல் பேனலின் முன்னோரத்தோடு ஓர் உட்பட்டியை நல்ல பக்கங்கள் சேர வைத்து, கண்ணிகள் வரும் இடங்களில் மட்டும் இடைவெளி விட்டுத் தைத்து, ஒவ்வோர் இடைவெளியின் இருமுனையிலும் முன்னும் பின்னும் ஓட்டித் தையலைக் கெட்டிப்படுத்துங்கள். திருப்பிப் போட்டு, கண்ணிகளை அந்த இடைவெளிகள் வழியே வெளியே எடுத்து, ஜிப் ஃபுட் மாட்டித் தகட்டை ஒட்டியபடி மேல்தையல் போடுங்கள். இடது பக்கத்தில் உட்பட்டியை முழுவதும் தைத்துத் திருப்பிய பின், முடிந்த வலது பக்கத்தை அதன்மேல் வைத்து ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் பென்சிலால் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகளைக் குத்தூசியால் துளைத்து, இழைகளை வெட்டாமல் விலக்கிக் குமிழை வெளியே தள்ள வேண்டும். வெட்டிய துளை மூன்றாம் ஒத்திகைக்குள் கிழிந்துவிடும்.

பிறகு முதல், இரண்டாம், மூன்றாம் பேனல்களை ஒரு தொகுதியாகவும், நான்காம், ஐந்தாம் பேனல்களை மற்றொரு தொகுதியாகவும் இணையுங்கள். தையலின் நீளம் 2 மில்லிமீட்டர். இணைத்த துணியோரங்களை விரித்து இஸ்திரி போட்டு, அவற்றின்மேல் பருத்தி நாடாவை வைத்து இருபுறமும் தைத்தால் பட்டை நுழையும் குழாய் கிடைக்கும். 6 மில்லிமீட்டர் பட்டைக்கு 8 மில்லிமீட்டர் குழாய் போதும். இன்னும் அகலம் இருந்தால் பட்டை உள்ளே புரண்டு புரண்டு துணியைத் தேய்க்கும்.

பக்கத்தையலைக் கீழ்விளிம்பிலிருந்து செருகலின் புள்ளிவரை மட்டும் தைத்து நிறுத்துங்கள். இப்போது உட்புறம் இடைக்கோட்டின்மேல் பஸ்க்கிலிருந்து பின்னோரம்வரை ஒரே நாடாவை ஓட்டி, ஒவ்வொரு தையலிலும் பிடித்துத் தைத்துவிடுங்கள். இழுவிசையெல்லாம் இந்த நாடாவில் போய்ச் சேரும். துணி நாளடைவில் தளராது.

செருகலுக்குப் பவர்நெட்டை இரண்டு அடுக்காக, நீளும் திசை உடலைச் சுற்றி வரும்படி வெட்டுங்கள். திசை மாறினால் அந்தச் செருகல் வெறும் அலங்காரம். நூலோட்டி வைத்து, இழுக்காமல் தைக்க வேண்டும். அதன் இருபுறமும் ஒவ்வொரு பட்டைக் குழாய் இருக்கட்டும், குறுக்கே எதுவும் வேண்டாம். தைத்து முடித்ததும், விலாக்கோட்டில் செருகலை இரு கட்டைவிரல்களால் இழுத்துப் பாருங்கள்: 1¼ அங்குலம் 1⅞ ஆவதற்குச் சிறு எதிர்ப்புதான் இருக்க வேண்டும். பலமாக இழுக்க வேண்டியிருந்தால் ஓர் அடுக்கை எடுத்துவிடுங்கள்.

துளைகள், பட்டைகள், விளிம்பு

பின்னோரத்தை உள்ளே மடித்து இரண்டு பட்டைக் குழாய்களும் நடுவே ஐலெட்டுக்கான இடமும் வருமாறு தையுங்கள். துளைகள் ஓர் அங்குல இடைவெளியில் இருந்தால் சரி. இடைக்கோட்டை ஒட்டி மட்டும் சற்று நெருக்கமாக வைக்கலாம். இங்கும் குத்தூசியால் விலக்கித்தான் துளையிட வேண்டும். ஐலெட் அடித்த பின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். கூர்முனை தட்டுப்பட்டால் அதை மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கயிறு ஒருநாள் மேடையிலேயே அறுந்துபோகும்.

பட்டைகளைக் குழாயைவிட அரை அங்குலம் குறைவாக வெட்டி, முனைகளை அரத்தால் உருட்டுங்கள். விளிம்புக்கு 1¼ அங்குல கிராஸ் பட்டி வைத்து வெளிப்புறம் மெஷினிலும் உட்புறம் கையாலும் தைக்கலாம். செருகலின் மேல்விளிம்பில் மட்டும் பட்டியைத் தைக்காமல், பவர்நெட்டையே மடித்து நீளும் தையலால் முடிக்க வேண்டும்; அங்கே நீளாத பட்டியைத் தைத்தால் இதுவரை செய்த வேலையெல்லாம் வீண்.

கயிறு கட்டுதல்

ஒரே கயிற்றுக்குப் பதிலாக இரண்டைக் கோத்துவிடுங்கள். இடைக்கு மேல் ஒன்று, இடையிலும் கீழும் ஒன்று. அப்போதுதான் இடையைச் சற்று இழுத்தாலும் விலாவின் இறுக்கம் மாறாது. உடை அணிவிக்கும் உதவியாளருக்கு இந்த ஒழுங்கை எழுதியே கொடுத்துவிடுங்கள்: முதலில் காலணி, ஏனெனில் பிறகு குனிவது கடினம். குரல் பயிற்சி முடிந்த பின்பே கோர்செட். பஸ்க்கை மாட்டி, கீழ்க்கயிற்றைக் கட்டிய பின், பாடகி மூச்சை நிரப்பி நிறுத்திக்கொள்ள வேண்டும். மேல்கயிற்றை அந்த நிலையிலேயே முடிச்சிட வேண்டும். மூச்சு விட்ட கணத்தில் முடிச்சிட்டால் நாம் எடுத்த அளவுகளுக்குப் பொருளே இல்லை. கழற்றும்போது கயிற்றைத் தளர்த்திய பிறகே பஸ்க்கை விடுவிக்க வேண்டும். இழுவையோடு விடுவித்தால் குமிழ் துணியோடு பிய்ந்து வரும்.

மேலே வரும் கவுனைத் தைப்பவர் வேறொருவராக இருந்தால், விலாக்கோட்டின் இரண்டு அளவுகளையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். கவுனின் உடற்பகுதி 31 அங்குலத்துக்குத் தைக்கப்பட்டிருந்தால், உள்ளே இருக்கும் கோர்செட் எவ்வளவு நீண்டும் பயனில்லை. கவுனின் பின்புறத் திறப்பை எலாஸ்டிக் கயிற்றால் கட்டி, மேலே ஒரு மறைப்புப் பட்டி வைப்பது எளிய தீர்வு.

பழக்கமும் பராமரிப்பும்

பாடகி இதை முதன்முதலாக உடை ஒத்திகையன்று அணியக் கூடாது. தைத்து முடித்ததும் ஒத்திகைக்குக் கொடுத்துவிடுங்கள். முதல் நாள்களில் அரை மணி நேரம், பிறகு ஓர் அங்கம், பிறகு முழு ஓப்பரா. உள்சட்டைகள் பல இருக்கட்டும், ஒவ்வொரு முறையும் துவைத்ததைப் போட்டுக்கொள்ள வேண்டும். கோர்செட்டைத் துவைப்பதில்லை, கயிற்றைத் தளர்த்தி, உட்புறம் வெளியே தெரியும்படி காற்றாடத் தொங்கவிடுவார்கள். வியர்வை வாடைக்கு வோட்காவைத் தண்ணீரில் கலந்து தெளிப்பது மேலை அரங்குகளின் உடையறைகளில் நெடுங்கால வழக்கம். செலவுக் கணக்கில் எழுதும்போது தணிக்கையாளர் புருவத்தை உயர்த்தக்கூடும்.

பவர்நெட்தான் முதலில் தளரும். அதனால் அதை இணைக்கும் தையலை 3 மில்லிமீட்டர் நீளத்தில், மற்ற தையல்களோடு பின்னிக்கொள்ளாமல் போட்டிருந்தால், பிரித்துப் புதிய செருகல் வைப்பது ஒரு மாலை நேர வேலை. ஒவ்வொரு நிகழ்ச்சித் தொடருக்கு முன்பும் விலாக்கோட்டின் இரண்டு அளவுகளையும் மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு, பழைய செருகல் போதுமா, புதியது வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.